முகாம் வேனும் காரவனும்

முகாம் வேன் என்பது படுக்கை, அடுப்பு முதலியவற்றைத் தன்னுள்ளேயே கொண்ட ஊர்தியாகும். காரவன் என்பது இயந்திரம் இல்லாத, மகிழுந்தின் பின்னால் இணைத்து இழுக்கப்படும் வசிப்பு வண்டியாகும். பிரித்தானியாவில் விடுமுறைப் பயணங்களுக்கு இவ்விரண்டும் பயன்படுகின்றன.

நாள்தோறும் இடம் மாறுவோருக்கு வேன் ஏற்றது. நிறுத்திய உடனே உறங்கலாம். ஆனால் கடைக்குச் செல்லவும் அதையே ஓட்ட வேண்டும். ஒரே இடத்தில் பல நாட்கள் தங்குவோர் காரவனைக் கழற்றி நிறுத்திவிட்டு மகிழுந்தில் ஊர் சுற்றலாம்.

பிரித்தானிய விரைவுச்சாலைகளில் மகிழுந்தின் வேக வரம்பு மணிக்கு 70 மைல். காரவனை இழுக்கும்போது 60 மைல். ஓடும் காரவனுக்குள் எவரும் பயணிக்கக் கூடாது. அதன் பின்பகுதியில் பாரம் மிகுந்தால், வேகத்தில் அது பக்கவாட்டில் ஆடத் தொடங்கி மகிழுந்தையும் தடுமாறச் செய்யும். எனவே கனமான பொருட்களைச் சக்கர அச்சுக்கு நேராகத் தரைமட்டத்தில் வைக்க வேண்டும்.