தக்காளி வாடினால் பக்கத்து வீட்டைப் பழிக்காதீர்கள்!

வீட்டுக் கொல்லையில் தக்காளி போட்டுப் பார்த்த தாய்மார்களுக்கு இந்த வேதனை தெரியும். நாற்று செழித்து வளரும், பூ விடும், கோலிக்குண்டு அளவில் காயும் பிடிக்கும். ஒரு நாள் மத்தியானம் பார்த்தால் உச்சி இலைகள் தொங்கிக் கிடக்கும். வெயில் கடுமை என்று தண்ணீர் ஊற்றுவோம். மறுநாள் காலையில் நிமிர்ந்து நிற்கும், நமக்கும் மனம் குளிரும். இன்னும் இரண்டு மூன்று நாளில், இலை பச்சையாக இருக்கும்போதே செடி துவண்டு செத்துப்போகும்.

எங்கள் அம்மா பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1984இல் லயத்துக்குப் பின்னால் 20 தக்காளிச் செடி வைத்தார். விடியுமுன், பெரட்டுக்குப் போகிற அவசரத்திலும் விளக்கைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஊற்றிய செடிகள். அவற்றில் 17 இப்படிப் போயின. புழு இல்லை, பூச்சி இல்லை, இலையில் ஒரு புள்ளிகூட இல்லை. அப்படியானால் யாரோ வேலை செய்திருக்கிறார்கள்! வேலிக்கு அந்தப் பக்கத்து அக்காள் வடித்த கஞ்சியைச் சுடச்சுட ஊற்றிவிட்டார் என்று அம்மா முடிவுகட்டிவிட்டார். நேரில் கேட்கவில்லை. கோழியை விரட்டுகிற சாக்கில், "நல்லா இருந்தா சில பேருக்குக் கண்ணு பொறுக்காது!" என்று சாடை பேசினார். லயத்தில் குடியிருந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. எட்டு வருடப் பழக்கம். அந்தத் தீபாவளிக்குப் பலகாரத் தட்டு போகவுமில்லை, வரவுமில்லை.

செர்டாங்கில் விவசாயம் படித்துக்கொண்டிருந்த என் பெரியப்பா மகன் விடுமுறையில் வந்தார். மீதமிருந்த மூன்றில் ஒன்று அன்றுதான் தொங்கியிருந்தது. அதன் அடித்தண்டில் விரல் நீளம் வெட்டினார். உள்ளே பழுப்பேறியிருந்தது. கண்ணாடிக் கிளாசில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டிய முனை நனையும்படி தண்டை அசையாமல் பிடித்தார். சில நிமிடங்களில் அந்த முனையிலிருந்து வெள்ளைப் புகை போல ஒரு நூல் தண்ணீரில் இறங்கியது.

"சித்தி, இதுதான் ஆள்!" என்றார்.

அது ஒரு பாக்டீரியா. 1896லேயே எர்வின் ஸ்மித் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதைப் பற்றி எழுதிவிட்டார். மண்ணில் பல வருடம் கிடக்கும். வேரில் காயம்பட்ட இடத்தில் நுழைந்து, தண்ணீர் ஏறும் குழாய்களில் பெருகி அடைத்துக்கொள்ளும். வேர் ஈரத்தில் நின்றாலும் செடி தாகத்தில் சாகிறது. நாம் பதறிப்போய் ஊற்றும் தண்ணீர் அடுத்த செடிக்கு நோயைக் கொண்டுபோகிறது. பிடித்த செடியைக் காப்பாற்ற மருந்து கிடையாது. சூடும் ஈரமும் சேர்ந்த மண்ணில்தான் இதற்குக் கொண்டாட்டம். கேமரன் மலையில் செழிக்கும் தக்காளி நம் கொல்லையில் படுத்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, இஞ்சி எதையும் இது விடாது. முந்தைய வருடம் அதே பாத்தியில் அம்மா போட்ட கத்தரியில் நாலைந்து வாடியதை நாங்கள் மறந்தே போயிருந்தோம்.

செத்த செடியை வேரோடும் சுற்றியுள்ள மண்ணோடும் தோண்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், எருக்குழியில் போடாதீர்கள். மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த பாத்தியில் வைக்காதீர்கள். அந்த இடத்தில் சில வருடம் பயற்றங்காய், சோளம், கங்குங் கீரை என்று போடலாம். தக்காளிதான் வேண்டுமென்றால், கத்தரி மிளகாய் வைக்காத இடத்து மண்ணை நாற்றுப் பையில் நிரப்பி வையுங்கள். பையைச் செங்கல்மேல் வைப்பது முக்கியம். துவாரம் வழியே வேர் தரைக்கு இறங்கினால் எல்லாம் வீண். அம்மாவின் ஆறு பையில் இரண்டு அப்படித்தான் போயின.

மார்டி தாழ்நிலத்துக்கென உருவாக்கிய எம்டி 1 போன்ற ரகங்கள் இந்த நோயை ஓரளவு தாங்கும், முழுக்க அல்ல. தைவானிலுள்ள உலகக் காய்கறி மையம், நோய் தாங்கும் கத்தரி வேர்ச்செடியில் தக்காளியை ஒட்டுக்கட்டும் முறையைப் பரப்பியிருக்கிறது. பொறுமையுள்ள பிள்ளைகள் செய்து பார்க்கட்டும். ஒட்டிய இடம் மண்ணுக்குள் புதையக் கூடாது.

மீதி நான்கு பையும் 1985இல் காய்த்தன. முதல் பழங்களை ஒரு கிண்ணத்தில் போட்டு, அம்மா என்னிடம் கொடுத்து வேலிக்கு அப்பால் அனுப்பினார். தானே போக முகமில்லை. அக்காள் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

"என் மொளகாச் செடியும் தொங்குதுன்னு ஒங்கம்மாகிட்ட சொல்லு. அந்தக் கிளாசு தண்ணி வித்தைய வந்து காட்டச் சொல்லு" என்றார்.