கிட்டார் கலைஞர் ஜெரி ரீட்

1967-ல் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி 'கிட்டார் மேன்' பாட்டைப் பதிவு செய்தபோது, ஸ்டுடியோவில் இருந்த கிட்டார் கலைஞர்களுக்கு அந்த வாசிப்பு பிடிபடவில்லை. பாட்டை எழுதிய ஜெரி ரீட் மீன்பிடிக்கப் போயிருந்தார். தேடிப்பிடித்து அழைத்து வந்தார்கள். அவர் விரல் பட்டதும் பாட்டு எழுந்து நின்றது!

அமெரிக்காவின் அட்லாண்டாவில் பிறந்த ரீட், கண்ட்ரி இசைப் பாடகர், நடிகரும்கூட. 1977-ல் வந்த 'ஸ்மோக்கி அண்ட் தி பேண்டிட்' படத்தில் லாரி ஓட்டுநராக நடித்து, அதன் புகழ்பெற்ற பாட்டையும் பாடினார். சிரிக்கவைத்த நடிகராகவே அவரைப் பலர் நினைவில் வைத்தார்கள். ஆனால் அவருடைய கிட்டார் வாசிப்பின் அருமையை ரசிகர்கள் விடாமல் எடுத்துச் சொன்னார்கள். கண்ட்ரி இசையின் 'ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவம் வந்தது 2017-ல்தான். ரீட் மறைந்ததோ 2008-ல்.