எலி பிடிக்கப் போன ஹெலிகாப்டர்

“எலியைக் கொல்ல ஹெலிகாப்டரா? யார்றா அவன், காசைக் கடல்ல கொட்டினவன்?” என்றார் சித்தப்பா. நாற்பது வருடம் வரப்போரத்தில் எலிக்கிட்டி வைத்தவர், கேட்கத்தான் கேட்பார். டீயை ஓரமாக நகர்த்திவிட்டு மக்குவாரி தீவின் கதையை ஆதியிலிருந்தே ஆரம்பித்தேன்.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவுக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 1,500 கிலோமீட்டரில் கிடக்கிறது அது. 34 கிலோமீட்டர் நீளம், 5 கிலோமீட்டர் அகலம். மரம் என்று ஒன்று கிடையாது, காற்று மட்டும் ஓயாது. மரமில்லாத ஊரில் பறவைக்குத் தரைதான் வீடு. பெட்ரல் என்கிற கடற்பறவை மண்ணில் வளை தோண்டி, வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை இடும். போனால் போனதுதான், அடுத்த வருடம்தான் மறுபடி. தரையில் வேட்டையாடும் விலங்கையே கண்டிராத வம்சம் அது. எலி வந்து நின்றாலும் என்ன செய்வதென்று அதற்குத் தெரியாது.

1810இல் கடல்நாய்த் தோலுக்காக ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவர்களோடும் பின்னால் வந்தவர்களோடும் எலி, சுண்டெலி, பூனை எல்லாம் வந்து சேர்ந்தன. 1878 வாக்கில் கறிக்காக முயலையும் கொண்டுவந்து விட்டார்கள்.

“முயல் புல்லைத்தானே தின்னும், பறவையை என்ன பண்ணும்?”

சித்தப்பா கேட்டது சரியான கேள்வி. அங்கே ஒரு கிளி இருந்தது, தரையில் கூடு கட்டும் கிளி. பூனைகளோடு பல பத்தாண்டு எப்படியோ தாக்குப்பிடித்துவிட்டது. காரணம் குளிர்காலம். கடற்பறவைகள் பெரும்பாலும் கிளம்பிப் போய்விடும், பூனைகள் பட்டினியில் சாகும், எண்ணிக்கை ஏறாது. முயல் வந்ததும் பூனைக்கு வருடம் முழுக்கச் சாப்பாடு. பூனை பெருகியது, 1891க்குள் கிளி பூண்டோடு போயிற்று. முயல் அதன் ஓர் இறகைக்கூடத் தொடவில்லை.

1978இல் முயல்களுக்கு மிக்சோமா என்ற வைரஸைப் பரப்பினார்கள். லட்சத்துக்கு மேல் இருந்தவை இருபதாயிரத்துக்குக் கீழே வந்தன. சந்தோஷம்தான். ஆனால் பசித்த பூனைகள் பறவைகள் பக்கம் திரும்பின. வருடத்துக்கு அறுபதாயிரம் கடற்பறவைகள் வரை பூனை வாயில் போயின என்பது கணிப்பு. சரி, பூனையை ஒழிப்போம் என்று 1985இல் ஆரம்பித்து, 2000இல் கடைசிப் பூனையையும் தீர்த்தார்கள். அடுத்த சில வருடங்களில் முயல் மறுபடி லட்சத்தைத் தொட்டது. பூனை போனதுதான் காரணம் என்கிறார்கள் சில ஆய்வாளர்கள். வைரஸ் வலுவிழந்ததும் அதன் தயாரிப்பு நின்றுபோனதும்தான் காரணம் என்கிறார்கள் வேறு சிலர். என்னைக் கேட்டால் இரண்டும்தான். எப்படியோ, சரிவுகளில் மண்ணைப் பிடித்துவைத்திருந்த உயரப் புல்லை முயல்கள் வேரோடு தின்று தீர்த்தன. 2006இல் ஒரு மழைக்குப் பிறகு மலைச்சரிவு அப்படியே பெயர்ந்து, கீழே இருந்த பெங்குவின் குடியிருப்பின் மேல் விழுந்தது.

அப்புறம்தான் புத்தி வந்தது. எலி, சுண்டெலி, முயல் மூன்றையும் ஒரே வீச்சில் எடுக்காவிட்டால் ஒன்று போய் இன்னொன்று தலையெடுக்கும்.

“பாஷாணம் வெச்சா முதல் எலி செத்ததுமே மத்தது உஷாராயிடுமே” என்றார் சித்தப்பா.

அதற்குத்தான் பிரோடிஃபாகூம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து. தின்ற உடனே எதுவும் ஆகாது, சாக நாள் கணக்காகும். தின்ற இரைக்கும் வந்த சாவுக்கும் எலியால் முடிச்சுப் போட முடியாது. அதைப் பரப்பத்தான் ஹெலிகாப்டர். செங்குத்துப் பாறையில் ஆள் ஏற முடியாது. ஒரு துண்டு இடம் விட்டுப்போய், அங்கே ஒரு சினை எலி பிழைத்தாலும் போதும், போட்ட பணம் அத்தனையும் போச்சு. உழவு மாதிரி ஒரு சால் மேல் அடுத்த சால் ஏறுகிறாற்போலப் பறந்து தூவினார்கள்.

2010 குளிர்காலத்தில் வானிலை கெட்டு வேலை பாதியில் நின்றது. தூவிய கொஞ்சத்திலேயே செத்த முயலையும் எலியையும் தின்று ஸ்குவா என்கிற கடற்பறவைகளும் ராட்சத பெட்ரல்களும் மடிந்தன. எல்லாம் முடிந்தபோது அப்படிச் செத்த பறவைகள் இரண்டாயிரத்துக்கு மேல். காப்பாற்றப் போன பறவையையே கொன்ற கணக்கு இது. இதைச் சொல்லாமல் வெற்றியை மட்டும் சொல்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. 2011 பிப்ரவரியில் கலிசிவைரஸை விட்டு முயல்களை முதலில் குறைத்துக்கொண்டார்கள். விஷமேறிய பிணங்கள் குறைந்தால் அதைத் தின்று சாகும் பறவையும் குறையும் அல்லவா? பிறகு தீவு முழுக்கத் தூவினார்கள்.

மிஞ்சியவை 13 முயல்கள். இங்கேதான் நாய்கள் வந்தன. வழியெல்லாம் பெங்குவின் கூட்டம், நீர்யானை போலப் புரளும் கடல்யானைகள். எதையும் ஏறிட்டுப் பார்க்காமல் முயல் வாடையை மட்டும் பிடித்துப் போகப் பழக்கிய நாய்கள். 2011 நவம்பருக்குள் பதின்மூன்றும் தீர்ந்தன. எலி வாடைக்கென்று பழக்கிய வேறு நாய்கள் 2013இல் இறங்கின. 2014இல்தான் தீவு சுத்தம் என்று அறிவித்தார்கள்.

“கடைசி முயல் 2011லயே போச்சுன்னியே. அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு மேல என்ன பண்ணாங்க?”

“நடந்தாங்க சித்தப்பா. மலை மலையா, தினமும்.”

“என்ன கிடைச்சுது?”

“ஒண்ணும் கிடைக்கல.”

“அதுக்குச் சம்பளம் வேறயா?” என்றவர், ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, “குதிருக்கு அடியில நாம ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்ல” என்றார்.