கைப்பைக்கு எத்தனை எஜமானர்கள்?

புது தில்லி: விமானப் பயணி தோளில் மாட்டிச் செல்லும் ஒரு கைப்பைக்கு இரண்டு எஜமானர்கள் உண்டு. அதற்குள் என்ன இருக்கலாம் என்பதை அரசு தீர்மானிக்கிறது. அது எத்தனை கிலோ இருக்கலாம் என்பதை விமான நிறுவனம் தீர்மானிக்கிறது. எந்த விதி யாருடையது என்று அறியாமல் நடுவில் நிற்பவர் பயணி.

இந்தக் குழப்பம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை ஸ்ரீநகர் விமான நிலையம் 2025 ஜூலை 26-ல் கண்டது. மொத்தம் 16 கிலோ எடையுள்ள இரு பைகளுடன் வந்த ராணுவ அதிகாரி ஒருவரிடம், 7 கிலோவுக்கு மேற்பட்ட எடைக்குக் கட்டணம் கேட்டதால் ஊழியர்கள் நால்வர் தாக்கப்பட்டதாக விமான நிறுவனம் புகார் கூறியது. ஒருவருக்கு முதுகெலும்பு முறிந்ததாகவும் அது தெரிவித்தது. கைகலப்புக்குக் காரணம் வெடிபொருளோ கத்தியோ அல்ல. 9 கிலோ கூடுதல் எடை.

பாதுகாப்பு விதிகள் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சம்பவம் இருக்கிறது. 1976 செப்டம்பரில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் கடத்தப்பட்டதை அடுத்து அமைந்த பாண்டே குழுவின் பரிந்துரைப்படி, 1978-ல் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு (பி.சி.ஏ.எஸ்.) ஒரு சிறு பிரிவாகத் தொடங்கப்பட்டது. 1985-ல் கனிஷ்கா விமானம் குண்டு வெடித்து அட்லாண்டிக் கடலில் விழுந்த பிறகு, 1987 ஏப்ரலில் அது தனித் துறையானது. 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து தில்லிக்கு வந்த விமானம் காந்தஹாருக்குக் கடத்தப்பட்டது. இரண்டே மாதங்களில், ஜெய்ப்பூரில் தொடங்கி, விமான நிலையங்களின் காவல் மத்திய தொழில் பாதுகாப்புப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு பயணிக்கு ஒரு கைப்பைதான் என்ற பி.சி.ஏ.எஸ். உத்தரவும் 2000-ம் ஆண்டில் பிறந்ததே.

இவற்றின் தேவையை யாரும் மறுக்க முடியாது. ஆனால், இவை எங்கே முடிவு செய்யப்படுகின்றன என்பதுதான் கேள்வி. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம் பி.சி.ஏ.எஸ்.ஸுக்குச் சட்டபூர்வ அந்தஸ்து அளித்தது. 1934-ம் ஆண்டின் விமானச் சட்டத்துக்குப் பதிலாக 2024-ல் இயற்றப்பட்ட பாரதிய வாயுயான் சட்டம் 2025 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. சட்டம் அவையில் விவாதிக்கப்படுகிறது. விதிகள் அவையின் மேசையில் வைக்கப்படுகின்றன. கைப்பையில் இருக்கும் தேங்காயையும் கத்தியையும் பற்றிய முடிவோ சுற்றறிக்கையில் வருகிறது. சுற்றறிக்கை அவைக்கு வருவதில்லை.

சுற்றறிக்கை யாருக்கு வளைகிறது என்று பார்த்தால் இந்த வேறுபாடு புரியும்.

சீக்கியர்கள் கிர்பான் அணிவதை அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவின் விளக்கமே அங்கீகரிக்கிறது. எனினும், 1981-ல் ஸ்ரீநகர் சென்ற விமானத்தை லாகூருக்குக் கடத்தியவர்கள் கையில் இருந்ததும் கிர்பான்தான். 1989-ல் தரன் தாரன் தொகுதியில் வென்ற சிம்ரஞ்சித் சிங் மான், வாளுடன் மக்களவைக்குள் செல்ல அனுமதி கிடைக்காததால் அவைக்குள் நுழையவே மறுத்தார். இத்தனைக்கும் பிறகு, 2022 மார்ச் 4-ல் பி.சி.ஏ.எஸ். ஓர் அளவுகோலை வகுத்தது: மொத்த நீளம் 9 அங்குலம், அலகு 6 அங்குலம், உள்நாட்டு விமானம் மட்டும். விமான நிலைய ஊழியர்களுக்கு இது பொருந்தாது என்றிருந்த தடை, சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டியின் எதிர்ப்பை அடுத்து மார்ச் 12-ல் நீக்கப்பட்டது. இந்த அனுமதியை எதிர்த்த மனுவை 2022 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இங்கே காரணம் தெளிவு, அளவும் தெளிவு.

சபரிமலை செல்லும் பக்தர்களின் இருமுடித் தேங்காய்க்கு இந்தத் தெளிவு கிட்டவில்லை. 2022 நவம்பரில் தாற்காலிக அனுமதி வந்தது. சீசன் முடிந்ததும் காலாவதியானது. 2024 அக்டோபரில் மீண்டும் அதேபோன்ற அனுமதி, 2025 ஜனவரி 20 வரை மட்டும் வழங்கப்பட்டது. எக்ஸ்ரே, வெடிபொருள் சோதனை, கைச் சோதனை மூன்றையும் கடந்த தேங்காய் ஜனவரி 20-ல் பாதுகாப்பானது என்றால், 21-ல் எப்படி ஆபத்தானது?

காரணமே சொல்லப்படாத சலுகையும் இருந்தது. சோதனையிலிருந்து விலக்குப் பெற்றவர்களின் பட்டியலில் குடியரசுத் தலைவர், பிரதமர், ஆளுநர்கள், முதல்வர்கள் ஆகியோருடன், எந்தப் பதவியும் வகிக்காத ராபர்ட் வதேராவின் பெயரும் இருந்தது; சிறப்புப் பாதுகாப்புப் படையின் காவலில் உள்ளவர்களுடன் பயணிக்கும்போது அவருக்கும் சோதனை இல்லை. 2015 செப்டம்பரில்தான் அந்தப் பெயர் நீக்கப்பட்டது.

செல்வாக்கோ, அமைப்பு பலமோ இல்லாத பயணிக்கு எந்த விதியும் வளைவதில்லை. 2021 பிப்ரவரியில், கைப்பை மட்டும் கொண்டு வருவோருக்குக் குறைந்த கட்டணத்தில் டிக்கெட் விற்கலாம் என்று விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் அனுமதித்தது. மக்களும் கைப்பையிலேயே எல்லாவற்றையும் அடைக்கத் தொடங்கினர். ஓராண்டு முடியுமுன், 2022 ஜனவரியில், பயணிகள் இரண்டு மூன்று பைகள் கொண்டு வருவதால் சோதனைச் சாவடிகளில் நெரிசல் ஏற்படுகிறது என்று பி.சி.ஏ.எஸ். குறைபட்டு, 'ஒரே பை' விதியைக் கண்டிப்புடன் அமல்படுத்தச் சொன்னது. ஒரே அமைச்சகத்தின் ஒரு கை அழைக்க, மறு கை தடுத்தது. உள்நாட்டுப் பயணியிடம் பாதுகாப்புக்கென வசூலிக்கப்படும் கட்டணமோ 2021 ஏப்ரலில் 200 ரூபாயாக உயர்ந்துவிட்டது.

விதிகளைப் பயணிகள் புரிந்துகொள்வது இன்று உயிர்ப் பிரச்னையும் ஆகியுள்ளது. லித்தியம் பேட்டரி கொண்ட பவர் பேங்கைச் சரக்குப் பகுதிக்குச் செல்லும் பெட்டியில் வைக்கவே கூடாது. கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். தீப்பிடித்தால் ஊழியர் கண்ணில் படும், அணைக்கலாம் என்பதே காரணம். 2025 அக்டோபரில் தில்லியிலிருந்து திமாப்பூர் புறப்படவிருந்த விமானத்தில் இருக்கையின் பைக்குள் இருந்த பவர் பேங்க் தீப்பற்றியபோது, ஊழியர்கள் உடனே அணைத்தனர், யாருக்கும் காயமில்லை. காரணம் தெரிந்த பயணி இந்த விதியை மறக்க மாட்டார். காரணம் தெரியாதவருக்கு இதுவும் பத்தோடு பதினொன்றான கெடுபிடிதான்.

எது பாதுகாப்பு விதி, எது நிறுவனத்தின் வணிக விதி என்று பிரித்துக் காட்டும் ஒரே பட்டியலை, காரணத்துடன், மாநில மொழிகளில், டிக்கெட் வாங்கும் முன்பே பயணிக்குத் தருவது அரசுக்குப் பெரிய வேலையல்ல. விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் நாடாளுமன்ற நிலைக்குழு, சலுகை தரும் சுற்றறிக்கைகளையும் வரவழைத்துப் பார்க்கலாம். வாரம் தவறாமல் தொகுதிக்கும் தில்லிக்கும் பறக்கும் உறுப்பினர்களின் கையிலும் ஒரு பை இருக்கத்தான் செய்கிறது.