ஒரு புண் தரும் காவல்

மணல் ஈ கொசுவை விடச் சிறியது. பறந்தால் சத்தமே வராது. அது கடிக்கும்போது லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணி உடம்பில் ஏறலாம். அதில் ஒரு வகை தோலில் புண்ணாக்கும். ஆறிய பிறகும் தழும்பு நிற்கும். ஒரு முறை வந்து ஆறியவருக்கு அந்தப் புண் பெரும்பாலும் மறுபடி வருவதில்லை. மேற்காசியாவில் சில சமூகத்துத் தாய்மார்கள் இதைக் கண்டுகொண்டார்கள். முகத்தில் தழும்பு விழக் கூடாது என்று, குழந்தையின் பிட்டத்தை மணல் ஈ கடிக்கக் காட்டினார்கள். எவ்வளவு கூர்மையான கவனிப்பு!

அதே வழியில், 1980-களில் ஈராக்குடன் போர் நடந்தபோது ஈரான் சுமார் 20 லட்சம் பேருக்கு உயிருள்ள ஒட்டுண்ணியையே ஊசியாகப் போட்டது. சிலருக்குப் புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. அதனால் கைவிட்டார்கள்.

இந்தத் தோல்புண் நோயின் நெருங்கிய உறவுதான் மண்ணீரலையும் கல்லீரலையும் தாக்கும் காலா அசார். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் உயிர் போய்விடும். 1903-இல் சென்னையில் மருத்துவர் டோனவன் இனங்கண்டது காலா அசார் ஒட்டுண்ணியைத்தான். இப்போது விஞ்ஞானிகள் தோல்புண் ஒட்டுண்ணியின் ஒரு மரபணுவை நீக்கி, புண் உண்டாக்காதபடி செய்திருக்கிறார்கள். அதைப் போட்ட வெள்ளெலிகள் காலா அசாரையும் எதிர்த்து நின்றன. 2021-இல் இந்த முடிவு வெளியானது. உறவுக்கார ஒட்டுண்ணி கற்றுத்தந்த எதிர்ப்பு, கொல்லும் நோயைத் தடுக்கவும் உதவியது.

மனிதருக்கான தடுப்பூசி இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. காலா அசார் காணப்படும் பீகார், ஜார்க்கண்ட் பக்கமிருந்து வந்தவருக்கு இரண்டு வாரம் தாண்டியும் காய்ச்சல் விடாவிட்டால் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அவர் எந்த ஊர் என்பதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.