இரத்த அணுவின் புற்றுநோய் தோலில் தேமலாகத் தெரிவது ஏன்?

கண்டியில் மழை விடாத மாதங்களில் தேமல் வராத வீடு குறைவு. களிம்பு பூசினால் போய்விடும். ஆனால் இடுப்பிலோ தொடையிலோ ஒரு வெளிறிய திட்டு வருடக்கணக்கில் அப்படியே கிடந்தால்?

நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்களில் ஒரு வகை, டி அணுக்கள். தோட்டத்தில் கங்காணியை இன்ன மலைக்கு என்று அனுப்புவார்கள் அல்லவா? அதுபோல இவற்றில் ஒரு கூட்டத்துக்குத் தோல்தான் வேலைத்தலம். அணுவின் மேலே இருக்கும் குறிகளே அதற்கு முகவரி. இரத்தத்தில் ஓடுவதைவிடத் தோலில் குடியிருக்கும் டி அணுக்கள் அதிகம்!

அவற்றில் ஒன்று கட்டுமீறிப் பெருகினால்? புற்றணுவாக மாறினாலும் பழைய முகவரியை மறப்பதில்லை. தோலிலேயே தங்கி, மேலடுக்குக்குள் சிறு கும்பல்களாகப் புகுகிறது. அதுதான் அந்தத் திட்டு. நம்மைப் போன்ற கறுத்த தோலில் அது சிவக்காமல் வெளுக்கவும் செய்யும். தேமல், குஷ்டம் என்று ஏமாறுவது அதனால்தான்.

பாரிஸ் மருத்துவர் அலிபேர் இதை 1806இல் விவரித்தார். முற்றிய கட்டிகள் காளான்போல் புடைத்திருந்ததால் ‘மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பூஞ்சைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பெயர் செய்த குழப்படி!

அரிய நோய், தொற்றாது. தொடக்கத்திலேயே பிடித்தால் களிம்பும் புற ஊதா ஒளியும் பெரும்பாலும் அடக்கிவைக்கும்.

மாதக்கணக்கில் போகாத திட்டா? தோல் கிளினிக்கில் காட்டுங்கள். சோதனைக்குத் தோல்துணுக்கை இரண்டாம் முறை கேட்டாலும் சலிக்காமல் கொடுங்கள். முதல் துணுக்கில் இந்த நோய் பலருக்கும் பிடிபடுவதில்லை.