கைகழுவப்பட்ட டி.வி சாட்டிலைட்... காப்பாற்றிய நிலா!

மொட்டை மாடியில் இருக்கும் டிஷ் ஆன்டெனாவைக் கவனித்திருக்கிறீர்களா? அது எப்போதும் வானத்தின் ஒரே திசையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். காரணம், அங்கே பூமத்திய ரேகைக்கு மேலே, சுமார் 36,000 கி.மீ உயரத்தில் ஒரு சாட்டிலைட், பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்துக்குப் போய்ச் சேர முடியாமல் தவித்த ஒரு சாட்டிலைட்டின் கதை இது.

1997 டிசம்பர். கஜகஸ்தானின் பைக்கானூர் ஏவுதளத்திலிருந்து ரஷ்யாவின் புரோட்டான் ராக்கெட்டில் கிளம்பியது, ஹாங்காங் நிறுவனத்தின் 'ஏசியாசாட்-3'. ஆசிய நாடுகளுக்கு டி.வி சேனல்களைக் கொண்டுசேர்ப்பது அதன் முக்கிய வேலை. ஆனால், ராக்கெட்டின் கடைசி அடுக்கு இரண்டாவது முறை எரியத் தொடங்கியதும் அணைந்துவிட்டது. நீள்வட்டமான, மிகவும் சாய்ந்த பாதையில் சிக்கிக்கொண்டது சாட்டிலைட். 'இனி பயனில்லை' என முடிவு செய்து, இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் சுமார் 20 கோடி டாலர் இழப்பீடு கொடுத்தன.

சாட்டிலைட் நல்ல நிலையில்தான் இருந்தது. டேங்க்கில் எரிபொருளும் இருந்தது. ஆனால், பாதையின் சாய்வை நேராக்க அது போதாது. எரிபொருள் தீர்ந்தால் சாட்டிலைட்டின் ஆயுளும் முடிந்துவிடும்.

அதைத் தயாரித்த அமெரிக்காவின் ஹியூஸ் நிறுவனம், கைவிடப்பட்ட சாட்டிலைட்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பொறியாளர்கள் கண்டுபிடித்த வழி, நிலாவைச் சுற்றிவருவது! பூமிக்கு அருகே வரும்போதெல்லாம் என்ஜினை எரித்துப் பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினார்கள். நிலாவை நெருங்கிவிட்டால், அதன் ஈர்ப்பு விசையே பாதையை வளைத்துவிடும். அதற்குத் தனியாக எரிபொருள் தேவையில்லை.

1998 மே 13-ம் தேதி, நிலாவிலிருந்து சுமார் 6,200 கி.மீ தூரத்தில் கடந்தது. ஜூனில் மீண்டும் ஒருமுறை. நிலாவரை போய்வந்த முதல் வணிகச் செயற்கைக்கோள் என்ற பெருமையும் கிடைத்தது. அந்த மாதமே, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும் பாதைக்கு வந்துசேர்ந்தது.

ஆனாலும் சாய்வு முழுதாகச் சரியாகவில்லை. தினமும் வடக்கும் தெற்குமாக அசைந்துகொண்டே இருந்ததால், ஒரே திசையைப் பார்க்கும் வீட்டு டிஷ்களுக்கு அது ஒத்துவரவில்லை. டி.வி வேலையை, 1999 மார்ச்சில் ஏவப்பட்ட ஏசியாசாட்-3எஸ் எடுத்துக்கொண்டது. நிலாவரை போய்வந்த அண்ணனோ, வேறு நிறுவனத்தின் கைக்கு மாறி, 2002 வரை வேறு பணிகளுக்காக இயங்கிவிட்டுத்தான் ஓய்வுபெற்றது!